பாகங்களை மாற்ற முடியாத லேப்டாப்பை வாங்கலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு லேப்டாப் பிடித்துவிட்டது. எடை குறைவு, திரை நன்றாக இருக்கிறது, சார்ஜ் நாள் முழுக்க நிற்கும் என்கிறார்கள். வாங்கிவிடலாம் என்று நினைக்கும்போது விவரம் தெரிந்த ஒருவர் வந்து, "அதில் ரேம் போர்டிலேயே சோல்டர் பண்ணியிருக்கு, பின்னாடி ஏத்தவே முடியாது, வேண்டாம்" என்கிறார். ரேம் என்பது திறந்திருக்கும் மென்பொருள்கள் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். அதை மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பிரதான போர்டில், நிரந்தரமாகப் பற்றவைப்பதுதான் சோல்டர். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் நல்ல மெஷின் ஒன்றைத் தவறவிடலாம். காதிலேயே போட்டுக்கொள்ளாமல் வாங்கினாலும் ஆபத்துதான். மூன்றாம் வருடம் முழு லேப்டாப்பையும் மாற்ற வேண்டி வரலாம்.

"மாற்ற முடியாது" என்று மொத்தமாகச் சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று, போதாமல் போவது. மற்றது, தேய்ந்து போவது. ரேம் தேய்வதில்லை, நம் வேலை பெருகும்போது போதாமல் போகிறது. எவ்வளவு வேண்டியிருக்கும் என்று வாங்குவதற்கு முன்பே ஓரளவு கணித்துவிடலாம். பேட்டரி அப்படியில்லை. யார் வாங்கினாலும், எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டாலும், அது தேயும். கீபோர்டு, சார்ஜிங் போர்ட், ஃபேன் எல்லாம் இந்த வகைதான்.

ஆகவே நான் எடுக்கும் நிலை இது: தேவையான அளவை முதல் நாளே வாங்க முடியும் என்றால், சோல்டர் செய்த ரேமை ஏற்றுக்கொள்ளலாம். பேட்டரியை நியாயமான செலவில் மாற்ற வழியில்லை என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இனி, உங்கள் விஷயத்தில் இதை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: எது எது மாற்ற முடியாதது என்று பிரித்துப் பாருங்கள்

பிராசஸரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இன்டெலின் 4ஆம் தலைமுறைக்குப் பிறகு வழக்கமான லேப்டாப்களில் பிராசஸரைக் கழற்றி மாட்டும் சாக்கெட் மறைந்துவிட்டது. கிராபிக்ஸ் சிப்பும் ஏறக்குறைய எல்லா லேப்டாப்களிலும் போர்டோடு சேர்ந்ததுதான். ஃப்ரேம்வொர்க் நிறுவனத்தின் லேப்டாப்கள் இதற்கு விதிவிலக்கு. அவற்றில் பிராசஸரோடு மதர்போர்டையே புதிதாக வாங்கி மாற்றலாம். 16 அங்குல மாடலில் கிராபிக்ஸ் பகுதியும் தனியாகக் கழலும். மற்றபடி, வாங்கும் நாளில் இருக்கும் பிராசஸர்தான் கடைசிவரை.

பார்க்க வேண்டியவை ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, வைஃபை கார்டு, கீபோர்டு, சார்ஜிங் போர்ட் ஆகியவை. இவை ஒவ்வொன்றும் நான்கு நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கும். சுலபமாகக் கழலும், எங்கும் கிடைக்கும் பொதுவான பாகமாக இருக்கலாம். பொதுவான பாகம்தான், ஆனால் அதை அடைய பாதி மெஷினைப் பிரிக்க வேண்டும் என்று இருக்கலாம். கழலும், ஆனால் அந்த நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும் என்று இருக்கலாம். கடைசி நிலை, போர்டோடு சோல்டர் செய்தது. "கஷ்டம்" என்பதற்கும் "முடியாது" என்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. ரப்பர் பாதங்களுக்கு அடியில் நான்கு ஸ்க்ரூ ஒளிந்திருப்பதால் ஒரு லேப்டாப்பை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு சர்வீஸ் ஆள் அதை நிமிடங்களில் திறந்துவிடுவார்.

படி 2: ஏன் சோல்டர் செய்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இது வெறும் பேராசை என்று சொல்பவர்கள் உண்டு. அதிக ரேம் கொண்ட மாடலுக்கு நிறுவனங்கள் வைக்கும் விலையைப் பார்த்தால் அந்தக் கோபம் நியாயமாகவே தோன்றும். ஆனால் தொழில்நுட்பக் காரணமும் உண்மையிலேயே இருக்கிறது. அது தெரிந்தால்தான், நீங்கள் விட்டுக்கொடுப்பதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்று மதிப்பிட முடியும்.

லேப்டாப் ரேம் இரண்டு குடும்பம். ஒன்று, ஸ்லாட்டில் செருகும் சோடிம் வகை. இன்னொன்று, எல்பிடிடிஆர். முதலில் மொபைல் போன்களை மனதில் வைத்து உருவான, மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் வகை. மூடி வைத்த லேப்டாப் தூங்கும் நேரத்திலும் ரேம் மின்சாரம் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். அங்கே எல்பிடிடிஆர் நன்றாக மிச்சம் பிடிக்கிறது. வேகத்திலும் வித்தியாசம் உண்டு. டிடிஆர்5 தலைமுறை சோடிம்கள் பெரும்பாலும் 5600 என்ற அளவில் (நொடிக்கு இத்தனை மில்லியன் பரிமாற்றங்கள்) ஓடும்போது, எல்பிடிடிஆர்5எக்ஸ் 7500, 8533, அதற்கு மேலும் போகிறது. சிப்புக்கும் பிராசஸருக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தால்தான் அந்த வேகத்தில் சிக்னல் சிதறாமல் போகும்; அதனால்தான் அதைப் போர்டிலேயே பதிக்கிறார்கள். தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்களில் இந்த வேகம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது.

ஆப்பிள் 2020இல் எம்1 சிப்போடு ரேமைப் பிராசஸர் இருக்கும் அதே பேக்கேஜுக்குள் கொண்டுவந்தது. இன்டெல் 2024இல் வெளியிட்ட கோர் அல்ட்ரா 200வி வரிசையும் அப்படித்தான்: 16 அல்லது 32 ஜிபி, மூன்றாவது வாய்ப்பு கிடையாது. இரண்டையும் சேர்க்கும் ஒரு வழியும் வந்திருக்கிறது. எல்பிகேம்2 என்ற கழலும் எல்பிடிடிஆர் அட்டை. நினைவகத் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் இதற்கான தரநிலையை வெளியிட்டது. லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை 2024இல் அதோடு வந்தது. நல்ல திசைதான், ஆனால் இன்னும் சில மாடல்களில் மட்டுமே இருக்கிறது. அது எல்லாவற்றிலும் வரட்டும் என்று இன்றைய தேவையைத் தள்ளிப்போட நான் சொல்ல மாட்டேன்.

எஸ்எஸ்டிக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. எம்.2 ஸ்லாட்டில் செருகும் எஸ்எஸ்டி ஒரு சூயிங்கம் பட்டை அளவுதான். அதிலேயே மிக அதிக வேகம் கிடைக்கிறது. அதனால் எஸ்எஸ்டியையும் சேர்த்து சோல்டர் செய்திருந்தால், அந்த லேப்டாப்பைச் சற்றுக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள்.

படி 3: விளம்பரப் பக்கத்தை நம்பாமல், சரியான மாடலைத் தோண்டிப் பாருங்கள்

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரே பெயரில் விற்கும் லேப்டாப், போன வருடப் பதிப்பில் இரண்டு ஸ்லாட்டோடும் இந்த வருடப் பதிப்பில் ஒன்றுமில்லாமலும் வரும். 14 அங்குல மாடலில் சோல்டர், 16 அங்குல மாடலில் ஸ்லாட் என்றும் இருக்கும். எனவே பெயரை விட்டுவிட்டு, பெட்டியின் மீதும் லேப்டாப்பின் அடியிலும் இருக்கும் முழு மாடல் எண்ணைப் பிடியுங்கள்.

அந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டைத் தேடுங்கள். டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றுமே பெரும்பாலான மாடல்களுக்குக் கழற்றும் முறையோடு கையேடு வெளியிடுகின்றன. லெனோவோவுக்கு ஒவ்வொரு மாடலின் விவரத்தையும் சொல்லும் தனித் தளமும் உண்டு. கையேட்டில் "ரேமைக் கழற்றுதல்" என்று ஒரு பகுதி இருந்தால் ஸ்லாட் இருக்கிறது. அப்படியொரு பகுதியே இல்லாமல், பாகங்கள் பட்டியலில் மதர்போர்டுகள் "8 ஜிபியோடு", "16 ஜிபியோடு" என்று தனித்தனியாக வரிசையாக நின்றால், சோல்டர்தான். பழுதுபார்ப்பு வழிகாட்டிகள் தரும் ஐஃபிக்ஸிட் தளத்தில் பிரித்துப் போட்ட படங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர் என்று இருந்தால், எல்பிகேம்2 என்று சேர்த்துச் சொல்லாதவரை சோல்டர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெறும் டிடிஆர்5 என்று இருப்பதால் ஸ்லாட் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். டிடிஆர்5 சிப்புகளையும் போர்டில் பதிக்கும் மாடல்கள் இருக்கின்றன. "ஆன்போர்டு" என்ற சொல்லைத் தேடுங்கள். பாதி சோல்டர், பாதி ஸ்லாட் என்ற கலவையும் உண்டு. 16 ஜிபி போர்டில், கூடவே ஒரு காலி ஸ்லாட் என்றால் அது நல்ல அமைப்பு. 8 ஜிபி போர்டில், ஸ்லாட் காலி என்றால் வாங்கிய அன்றே இன்னொரு 8 ஜிபியைப் போட்டுவிடுங்கள். அதுவரை ரேம் ஒற்றைச் சேனலில்தான், அதாவது ஒரே தகவல் பாதையில்தான் ஓடும், கிராபிக்ஸ் தள்ளாடும்.

கடையில் காட்சிக்கு வைத்த மெஷின் விண்டோஸ் என்றால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று அங்கே காட்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் சோடிம் என்று இருந்தால் கழலும். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் சோல்டர். சில மெஷின்களில் இந்த விவரம் சரியாக வராது, அதனால் கையேட்டோடு ஒத்துப்பாருங்கள்.

எஸ்எஸ்டி ஸ்லாட் இருந்தாலும் அதன் நீளத்தைக் கவனியுங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவில்தான் தேர்வு அதிகம். 2242, 2230 ஆகிய குட்டை அளவுகளில் மாற்று கிடைக்கும், ஆனால் தேர்வு குறைவு.

படி 4: உங்கள் இன்றைய தேவையை அளந்து பாருங்கள்

"எனக்கு 16 போதுமா?" என்று பிறரைக் கேட்பதைவிட, இப்போது பயன்படுத்தும் கம்ப்யூட்டரைக் கேட்பது நம்பகமானது. வாரத்திலேயே மிகவும் நெருக்கடியான வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்: அத்தனை பிரவுசர் டேபுகள், வீடியோ மீட்டிங், பெரிய எக்செல் கோப்பு, எடிட்டிங் மென்பொருள், எல்லாம். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள்.

அங்கே 80 சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம். ரேம் தாராளமாக இருந்தால் பிரவுசர் போன்ற மென்பொருள்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். அதனால் பயன்பாட்டு சதவீதம் மட்டும் பற்றாக்குறையைச் சொல்லாது. "கமிட்டட்" என்ற எண்ணைப் பாருங்கள். திறந்திருக்கும் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து கேட்டிருக்கும் மொத்த இடம் அது. உங்கள் ரேம் அளவை அது அடிக்கடி தாண்டினால், மிச்சம் எஸ்எஸ்டிக்குத் தள்ளப்பட வாய்ப்பு அதிகம் என்று பொருள். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து மெமரி பிரஷர் வரைபடத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் கவலையில்லை. மஞ்சள், சிவப்பு அடிக்கடி வந்தால் பற்றாக்குறை.

கிடைத்த எண்ணோடு கொஞ்சம் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ரேம் சோல்டர் என்றால் நான் பின்பற்றும் அளவு இது.

8 ஜிபி சோல்டர் செய்த புது லேப்டாப்பை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். நிறுவனங்களே பல மாடல்களில் அதைத் தாண்டிப் போய்விட்டன: ஆப்பிள் 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப ரேமை 16ஆக உயர்த்தியது, மைக்ரோசாஃப்ட் அதே வருடம் செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்காக அறிவித்த கோபைலட் பிளஸ் வகைக் கணினிகளுக்கும் குறைந்தபட்சம் 16 ஜிபி என்றுதான் வைத்தது. படிப்பு, ஆவணங்கள், பிரவுசர், மீட்டிங், அவ்வப்போது புகைப்படத் திருத்தம் என்றால் 16 போதும். புரோகிராமிங்கில் கன்டெய்னர், விர்ச்சுவல் மெஷின் என்று போகிறவர்களும், 4கே வீடியோ எடிட் செய்கிறவர்களும், பெரிய புகைப்படத் தொகுப்பு வைத்திருப்பவர்களும் 32க்குப் போக வேண்டும். அதற்கு மேல் வேண்டும் என்பவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள், சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடிப்படையான மொழி மாடல்களைச் சொந்த மெஷினிலேயே ஓட்ட விரும்புகிறவர்கள். 4 பிட்டாகச் சுருக்கிய, 8 பில்லியன் அளவுருக்கள் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட மாடல் ஒன்றுக்கே சுமார் 5 ஜிபி வேண்டும். 70 பில்லியன் என்றால் 40 ஜிபியைத் தொடும். இந்த ஆர்வம் இருப்பவர்கள் ஸ்லாட் உள்ள மெஷினையோ பெரிய அளவு ரேம் கொண்டதையோ பார்ப்பதுதான் சரி.

பயந்துபோய் எல்லையில்லாமல் ஏற்றவும் வேண்டாம். இன்றைய உச்சத் தேவை 9 ஜிபி என்றால் 64 ஜிபி வாங்கி வைப்பதில் பயனில்லை. அந்த ரேம் நிறைவதற்குள் பிராசஸர் பழையதாகிவிடும்.

படி 5: எஸ்எஸ்டியை ரேமோடு சேர்த்துப் பாருங்கள்

ரேமும் குறைவு, எஸ்எஸ்டியும் சின்னது, இரண்டுமே சோல்டர் என்றால் பிரச்சினை இரட்டிப்பாகும். ரேம் போதாதபோது இயங்குதளம் எஸ்எஸ்டியில் எழுதி எழுதிச் சமாளிக்கிறது. அது எஸ்எஸ்டியின் இடத்தையும் ஆயுளையும் சேர்த்துத் தின்கிறது.

எண்களில் பார்ப்போம். வழக்கமான 1 டிபி (1000 ஜிபி) எஸ்எஸ்டி ஒன்றுக்கு 600 டிபி வரை எழுதலாம் என்று உற்பத்தியாளர்கள் உத்தரவாதம் தருவது சாதாரணம். ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதினால் வருடத்துக்கு 11 டிபி. அந்த எல்லையை அடைய 50 வருடத்துக்கு மேல் ஆகும். கவலையே இல்லை. அதே வகையில் 256 ஜிபி அளவுக்கு எல்லை 150 டிபி என்று வைத்துக்கொள்வோம். ரேம் பற்றாக்குறையால் ஒரு நாளைக்கு 100 ஜிபி எழுதப்பட்டால், நான்கு வருடத்தில் அந்த எல்லை வந்துவிடுகிறது. எல்லையைத் தொட்டதும் எஸ்எஸ்டி செத்துவிடும் என்று பொருளில்லை, பல அதற்கு மேலும் உழைக்கும். ஆனால் கழற்றி மாற்ற முடியாத பாகத்தில் இந்தச் சூதாட்டம் தேவையில்லை.

சின்ன அளவுக்கு இன்னொரு குறையும் உண்டு. உள்ளே சிப்புகள் குறைவு என்பதால் வேகமும் குறையலாம். 2022இல் வந்த எம்2 மேக்புக் ஏரின் 256 ஜிபி மாடலில் ஒரே சேமிப்புச் சிப்தான் இருந்தது. முந்தைய எம்1 மாடலோடு ஒப்பிட்டால் அதன் படிக்கும் வேகம் ஏறக்குறைய பாதி.

வெளியே மாட்டும் எஸ்எஸ்டி நல்ல தீர்வுதான், புகைப்படம், வீடியோ, பழைய கோப்புகளுக்கு. 10 ஜிகாபிட் யூஎஸ்பி-சியிலேயே நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி கிடைக்கும். அதே வடிவ போர்ட்டில் வரும் வேகமான தண்டர்போல்ட் 4 இருந்தால் இன்னும் அதிகம். எனவே சேமிப்பு மட்டும் சோல்டர் என்றால், 512 ஜிபி எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே வைக்கலாம். ரேமுக்கு இப்படி ஒரு வெளி வழி கிடையாது. கையில் இருக்கும் கூடுதல் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அது ரேமுக்குப் போகட்டும்.

இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான, போர்டில் பதித்த சேமிப்பு) என்று எழுதிய 64 ஜிபி, 128 ஜிபி சேமிப்போடு மலிவாக வரும் விண்டோஸ் லேப்டாப்களைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. பெரிய அப்டேட் வந்தால் இறக்கி நிறுவ இடமிருக்காது.

படி 6: பேட்டரியும் மற்ற தேயும் பாகங்களும்

லித்தியம் பேட்டரி ஒவ்வொரு சார்ஜ் சுழற்சியிலும், அதாவது முழுக் கொள்ளளவு அளவுக்குச் செலவாகும் ஒவ்வொரு முறையும், கொஞ்சம் கொள்ளளவை இழக்கும். சாதாரண லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 சுழற்சியில் 80 சதவீதத்துக்கு இறங்குவது வழக்கம். ஆப்பிள் தன் தற்போதைய மேக்புக்குகளுக்கு 1000 சுழற்சி என்று சொல்கிறது. தினமும் ஒரு சுழற்சி ஓட்டுபவருக்கு 500 என்பது ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆக, நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு முறையாவது பேட்டரியை மாற்றுவீர்கள் என்றே கணக்கு வையுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்: பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா? தனியாகக் கிடைக்கிறதா, கீபோர்டு உள்ள மேல்மூடியோடு சேர்த்துத்தான் தருவார்களா? நீங்கள் இருக்கும் இடத்தில் நிறுவனமே மாற்றித் தருமா, எவ்வளவு ஆகும்? வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் மையத்துக்கு ஒரு போன் போட்டு, அந்த மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தெளிவான விலை சொன்னால் நிம்மதி. "மொத்தமா மாத்தணும்", "பார்ட்ஸ் வராது" என்ற மாதிரி பதில் வந்தால், நான் அந்த மாடலை அங்கேயே விட்டுவிடுவேன். பேட்டரியை வீங்க விட்டு, டச்பேட் மேலே தூக்கிய நிலையில் பயன்படுத்துவது தீ அபாயம் உள்ள விஷயம். அந்த நிலைக்கு வந்தால் உடனே மாற்றியாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதி, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அது அமலுக்கு வருகிறது, சில விலக்குகளோடு. லேப்டாப் வடிவமைப்பு உலகம் முழுக்க ஒன்றாகவே இருப்பதால் இதன் பலன் மற்றவர்களுக்கும் வரலாம். இன்று வாங்கும் மெஷினுக்கு அதை நம்ப வேண்டாம்.

சார்ஜிங் போர்ட் தனிச் சிறு போர்டில் இருந்தால் மலிவாக மாற்றலாம். மதர்போர்டிலேயே இருந்தால் சிக்கல். அப்படிப்பட்ட லேப்டாப்பில் சார்ஜ் ஏறும் யூஎஸ்பி-சி போர்ட் இரண்டாவது இருக்கட்டும். ஒன்று ஆட்டம் கண்டால் மற்றது கைகொடுக்கும். மெல்லிய மாடல்களில் கீபோர்டை மேல்மூடியோடு சேர்த்து ரிவெட் அடித்திருப்பார்கள், அதையும் கேட்டு வையுங்கள்.

படி 7: வருடக் கணக்கில் செலவைப் போடுங்கள்

விலையை அப்படியே ஒப்பிட்டால் ஏமாற்றும். உழைக்கும் வருடங்களால் வகுக்க வேண்டும். ஒரு எடுத்துக்காட்டு, எண்கள் விளக்கத்துக்கு மட்டும். மெல்லிய லேப்டாப், 16 ஜிபி சோல்டர், விலை 100. அதே லேப்டாப் 32 ஜிபியோடு 120. இன்னொன்று ஸ்லாட் உள்ளது, 16 ஜிபியோடு 100. பின்னால் இன்னும் 16 சேர்க்க 8.

உங்களுக்கு நான்காம் வருடத்துக்குப் பிறகு 32 தேவைப்படும் என்று வைப்போம். முதலாவதை நான்கு வருடத்தில் மாற்ற வேண்டும்: வருடத்துக்கு 25. இரண்டாவது ஆறு வருடம் ஓடும்: வருடத்துக்கு 20. மூன்றாவதும் ஆறு வருடம்: 108ஐ ஆறால் வகுத்தால் 18. பழையதை விற்றுக் கிடைப்பதைக் கழித்தால் இடைவெளி கொஞ்சம் குறையும், வரிசை பெரும்பாலும் மாறாது. சரி, இது என்ன சொல்கிறது? சோல்டர் செய்த 32க்கும் ஸ்லாட் உள்ளதற்கும் இடையே வருடத்துக்கு 2தான் வித்தியாசம். எடை குறைவுக்கும் நீண்ட சார்ஜுக்கும் அதைக் கொடுக்கலாம். பெரிய நஷ்டம், சோல்டர் மெஷினைக் குறைந்த ரேமோடு வாங்குவதில்தான் இருக்கிறது.

உங்கள் உண்மையான விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். 32 ஜிபி மாடலுக்கு நிறுவனம் 120க்குப் பதில் 145 கேட்டால் வருடத்துக்கு 24 ஆகிவிடும், அப்போது ஸ்லாட் உள்ளதுதான் மேல். 32 ஜிபி மாடல் நீங்கள் வாங்கும் இடத்தில் விற்பனைக்கே வரவில்லை என்றாலும் அந்த வரியை அடித்துவிட வேண்டியதுதான்.

"பின்னாடி மலிவா ஏத்திக்கலாம்" என்ற நம்பிக்கையையும் அளவோடு வையுங்கள். ரேம் விலை ஏறி இறங்கும் சரக்கு. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களின் தேவை பெருகியதால் விலை கடுமையாக ஏறியது. ஸ்லாட் இருந்தும் காத்திருந்தவர்கள் அப்போது அதிகம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஸ்லாட் இருப்பதே நீண்ட ஆயுள் என்றும் எண்ணிவிட முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்டெலின் 7ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும், ஒரு சில விலக்குகள் தவிர, விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. அந்த லேப்டாப்களில் 32 ஜிபி ரேமும் புது எஸ்எஸ்டியும் போட்டிருந்தாலும் பிராசஸர் கைவிட்டது. லினக்ஸ் போட்டு ஓட்டலாம், பலர் ஓட்டுகிறார்கள், ஆனால் எல்லோருடைய வேலைக்கும் அது ஒத்துவராது. அதனால் எந்த லேப்டாப்பாக இருந்தாலும் கிடைப்பதில் புதிய தலைமுறைப் பிராசஸரைப் பாருங்கள்.

படி 8: போர்டு போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்

எஸ்எஸ்டி கழலும் லேப்டாப்பில் மதர்போர்டு செத்தால், எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொன்றில் மாட்டித் தகவலை எடுக்கலாம், மறைகுறியாக்கத்துக்கான மீட்புச் சாவி கையில் இருந்தால். சோல்டர் செய்ததில் அந்த வழி அடைபடுகிறது. ஆப்பிள் மெஷின்களில் சேமிப்பின் சாவியே பிரதான சிப்போடு பிணைந்திருப்பதால், சேமிப்புச் சிப்பை மட்டும் பிடுங்கி எடுத்தும் பயனில்லை. எனவே இத்தகைய லேப்டாப் வாங்குகிறீர்கள் என்றால், தானாக நடக்கும் பேக்கப் ஒன்றின் செலவையும் லேப்டாப் விலையோடு சேர்த்தே நினையுங்கள். அது இல்லாமல் சோல்டர் எஸ்எஸ்டியில் உங்கள் ஆய்வேட்டையோ குழந்தையின் படங்களையோ வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

நீட்டித்த வாரண்டியைப் பொதுவாக நான் வற்புறுத்துவதில்லை. இங்கே மட்டும் கருத்தை மாற்றிக்கொள்வேன். ஒரு ரேம் சிப் பழுதானால் முழுப் போர்டையும் மாற்ற வேண்டிய மெஷினுக்கு, மூன்று வருட வாரண்டி நியாயமான விலையில் கிடைத்தால் எடுங்கள்.

படி 9: முடிவு

தினமும் தோளில் சுமப்பவர், வேலை எந்தத் திசையில் போகும் என்று தெரிந்தவர், தேவைக்கு ஒரு படி மேலான ரேமை முதல் நாளே வாங்க முடிந்தவர், பேட்டரி மாற்ற வழி இருப்பதை உறுதி செய்தவர்: தயங்காமல் வாங்கலாம். மூன்று நான்கு வருடத்தில் மெஷினை மாற்றிக் கொடுக்கும் அலுவலகத்தில் இருப்பவருக்கு இந்தக் கேள்வியே பெரிதில்லை.

வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இவர்களுக்கு. கையில் இருக்கும் பணத்துக்கு 8 ஜிபி சோல்டர் மாடல்தான் வரும் என்ற நிலையில் இருப்பவர். அந்தப் பணத்துக்கு ஸ்லாட் உள்ள, கொஞ்சம் கனமான மெஷினோ, நல்ல நிலையில் உள்ள பழைய பிசினஸ் வகை லேப்டாப்போ வாங்கி, முடிந்தபோது ரேம் சேர்க்கலாம். முதல் வருடம் கல்லூரியில் சேர்ந்து, எந்தப் பிரிவுக்குப் போவோம் என்று இன்னும் தெரியாதவர். சர்வீஸ் மையம் எட்டாத இடத்தில் இருப்பவர்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் 8 ஜிபி சோல்டர் என்றுமே 8 ஜிபிதான் என்பதை நினைவில் வைத்து, பேட்டரி சுழற்சி எண்ணிக்கையையும் எஸ்எஸ்டி ஆரோக்கியத்தையும் பாருங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கோ நிறுவனப் பூட்டோ நீங்கியிருக்கிறதா என்று கண்முன்னே சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

படி 10: திருப்பித் தரும் காலம் முடிவதற்குள்

புது மெஷின் வந்ததும் பெட்டியைப் பத்திரமாக வையுங்கள். முதல் வேலையாக டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ரேம் அளவும் ஸ்லாட்டும் சொன்னபடியே இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் எல்லா மென்பொருள்களையும் நிறுவி, படி 4இல் செய்த அதே நெருக்கடி நாள் சோதனையை இதில் செய்யுங்கள். ஒரு நாள் போதாது, சில நாள் உண்மையான வேலையைச் செய்து பாருங்கள். முதல் வாரத்திலேயே கமிட்டட் எண் ரேமைத் தொடுகிறது என்றால், போகப் போகச் சரியாகும் என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். திருப்பிக் கொடுத்து, அடுத்த அளவு ரேம் உள்ளதை எடுங்கள். ஸ்லாட் இல்லாத லேப்டாப்பில் ரேமைக் கூட்ட உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அந்தச் சில நாட்கள்தான்.